வழக்கில் பேர் வந்துவிட்டது: எந்த வக்கீலிடம் போவது?

போன வருஷப் பங்குனியில் எங்கள் ஊர்க் கோயில் கொடை முடிந்த மறுநாள் விடிகாலையில் சித்தியிடமிருந்து போன். "ஏய்யா, தம்பிய போலீஸ்காரங்க கூட்டிட்டுப் போயிட்டாவ." அதற்கு மேல் சித்தியால் பேச முடியவில்லை. முந்தின ராத்திரி கோயில் வாசலில் இரண்டு தரப்புக்குள் தகராறு நடந்து, அரிவாள் வெட்டுப்பட்ட ஒருவரை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார். எஃப்ஐஆரில் ஒன்பது பேர். ஆறாவது பேர் என் தம்பி. கொடைக்குச் சீரியல் செட் போட வந்த பையன், வயது 23.

அன்று காலை ஏழு மணிக்குள் சித்தி வீட்டு முற்றத்தில் நாலு விதமான யோசனை வந்துவிட்டது. ஊரில் செல்வாக்குள்ள ஒருவர் ஸ்டேஷனில் பேசி பேரை எடுத்துத் தருவதாகச் சொன்னார். ஏ1, அதாவது எஃப்ஐஆரில் முதல் பேராக இருந்தவரின் வீட்டார், தங்கள் வக்கீலே எல்லோருக்கும் போதும் என்றார்கள். மாமா மதுரையில் பெரிய வக்கீலைப் பிடிப்போம் என்றார். எங்கள் பாகப்பிரிவினை வழக்கை நடத்திய தாலுகா கோர்ட் வக்கீலைக் கூப்பிடலாம் என்றேன் நான். ஐந்தாவதாக ஒரு வழி இருந்தது. அது யார் வாயிலும் வரவில்லை. சட்ட உதவி.

இந்த ஒன்றரை வருஷத்தில் இந்த ஐந்து வழிகளையும் ஏதோ ஒரு வகையில் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டேன். இன்னொரு வீட்டு முற்றத்தில் இதே காலை விடியும்போது உதவட்டும் என்று எழுதுகிறேன். நாங்கள் செய்த முதல் தவறு, வக்கீல் பிடிப்பதை ஒரே முடிவாக நினைத்தது. உண்மையில் அது இரண்டு முடிவு. முதல் நாளுக்கு யார் என்பது ஒன்று, வழக்கு விசாரணைக்கு யார் என்பது இன்னொன்று. முதல் நாளுக்கு வேண்டியவர், ஆள் ரிமாண்ட் ஆவதற்கு (மாஜிஸ்திரேட் காவலில் வைக்கச் சொல்லி அனுப்புவதற்கு) முன் அவன் பக்கத்தில் போய் நிற்கக்கூடியவர். எவ்வளவு பெரிய பேர் என்பது அன்றைக்கு இரண்டாவது கேள்விதான்.

முதல் நாள் ஏன் அவ்வளவு முக்கியம்? கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பயண நேரம் இதில் சேராது. இது அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவிலும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 58-வது பிரிவிலும் இருக்கிறது. எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும் (அதே சட்டம், பிரிவு 47), வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும் (48), விசாரணையின்போது தன் வக்கீலைச் சந்திக்க அனுமதிக்க வேண்டும் (38). விசாரணை நடக்கும் நேரம் முழுக்க வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்திருக்க முடியாது, ஆனால் இடையில் பார்த்துப் பேச உரிமை உண்டு. இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நின்று கேட்க ஒரு ஆள் இருந்தால்தான் காகிதத்தை விட்டு வெளியே வரும்.

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது என்று பலருக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில், என்ன கேட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கிறார்கள். சாட்சியங்களுக்கான புதுச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் 23-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. கைதானவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளோடு நேராகச் சம்பந்தப்பட்ட பகுதி மட்டும் சாட்சியமாக ஏற்கப்படும். 'அரிவாளை இன்ன கிணற்றடியில் இருந்து எடுத்துக் கொடுத்தான்' என்று மகஜரில் (பொருளைக் கைப்பற்றியதை எழுதும் தாளில்) வரும் ஒரு வரி, பிற்பாடு வழக்கின் முதுகெலும்பாகவே ஆகிவிடலாம். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று அரசியல் சட்டத்தின் 20(3) பிரிவு சொல்கிறது. 23 வயதுப் பையனுக்கு அதை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும்.

உடம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1986 வரை நம் திருநெல்வேலி மாவட்டத்தோடு இருந்த சாத்தான்குளத்தில் 2020 ஜூனில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். தந்தையும் மகனும் ரிமாண்ட் ஆகி, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஜூன் 22-ஆம் தேதி இரவும் 23-ஆம் தேதி காலையும் அடுத்தடுத்து இறந்தார்கள். 2023-இல் அம்பாசமுத்திரம் உட்கோட்டத்தில், விசாரணைக்கு அழைத்துப்போனவர்களின் பற்களைப் பிடுங்கியதாகப் புகார் வந்து சிபிசிஐடி விசாரணை வரை போனது. ரிமாண்டுக்கு நிறுத்தும்போது, 'ஐயா, இவர் உடம்பில் காயம் இருக்கிறது, பதிவு செய்யுங்கள்' என்று எழுந்து சொல்ல ஒரு வக்கீல் இருப்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

சரி, இனி ஒவ்வொரு வழியாக.

'பேசி முடிக்கிற' ஆளை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுக்க மாட்டேன். எங்களிடம் முதலில் ஐம்பதாயிரம் கேட்டார்கள். சித்தி கழுத்துச் சங்கிலியைக் கழற்றிவிட்டார். கொலை வழக்கில் எஃப்ஐஆர் போட்ட உடனேயே மாஜிஸ்திரேட்டுக்குப் போய்விடும். அதற்கப்புறம் அதிலிருந்து ஒரு பேரை யாரும் ரப்பர் போட்டு அழித்துத் தர முடியாது. இந்த ஆள்கள் செய்யக்கூடிய இன்னொரு காரியம், சாட்சிகள் வீட்டுக்குப் போய்ப் பேசுவது. அது ஜாமீனுக்கே உலை வைக்கும், புது வழக்கையும் கொண்டுவரும். பணம் நல்லவேளை கை மாறவில்லை. ஆனால் அவரை நம்பி மத்தியானம் வரை காத்திருந்தோம். அந்த ஆறேழு மணி நேரம் தம்பி தனியாக இருந்தான். அதை நினைத்தால் இன்றும் வயிற்றைப் பிசைகிறது.

மத்தியானம் இரண்டு மணிக்கு எங்கள் தாலுகா வக்கீல் ஸ்டேஷனுக்கு வந்தார். அதற்குள் தம்பியிடம் நாலைந்து வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். கைதுக் குறிப்பில் கையெழுத்துப் போடுவது வேறு. விசாரணையில் சொல்வதை எழுதிய தாளில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 181-வது பிரிவு சொல்கிறது. வெற்றுத் தாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அன்று சாயங்காலம் மாஜிஸ்திரேட் முன் அந்த வக்கீல் சொன்ன முதல் விஷயமே அந்தத் தாள்கள்தான். பதிவானது.

அவர் பெரும்பாலும் சிவில் வழக்குதான் நடத்துகிறவர். கொலை வழக்கு விசாரணையை நடத்தும் ஆள் தான் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் முதல் நாளுக்கு அவரைவிட நல்ல ஆள் கிடைத்திருக்க மாட்டார். எந்த நேரத்துக்கு ரிமாண்டுக்குக் கொண்டுவருவார்கள், கோர்ட் முடிந்துவிட்டால் மாஜிஸ்திரேட் வீட்டில் நிறுத்துவார்களா, எந்தச் சிறைக்கு அனுப்புவார்கள் எல்லாம் அவருக்கும் அவருடைய குமாஸ்தாவுக்கும் அத்துபடி. தம்பியைத் தனியாகப் பார்த்ததும் அவர் கேட்ட ஒரே கேள்வி: "ராத்திரி பத்தேமுக்காலுக்கு நீ எங்க நின்ன?"

ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துவிட்டதென்று கேனை எடுத்துக்கொண்டு பைக்கில் பெட்ரோல் பங்குக்குப் போயிருக்கிறான் தம்பி. ஜிபே-யில் பணம் கொடுத்திருக்கிறான். பங்கில் கேமரா உண்டு, ஆனால் பதிவு சில நாளில் தானாக அழிந்து, மேலே புதுப் பதிவு ஏறிவிடும். மறுநாள் காலையிலேயே, அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி பங்குக்கும், அதைக் கைப்பற்றச் சொல்லி விசாரணை அதிகாரிக்கும் எஸ்.பி. அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் கடிதம் போனது. மதுரைப் பெரிய வக்கீலை மாமா சந்தித்து முடிக்கவே நாலு நாள் ஆனது. அந்த நாலு நாள் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது, ஏ1 வீட்டாரின் யோசனை. கிராமத்தில் கும்பலாகப் பேர் சேர்த்த வழக்குகளில் மிகச் சாதாரணமாக நடக்கிற காரியம் இது. யாரும் நின்று யோசிப்பதில்லை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏ1-இன் பெரியப்பா வந்து, "நம்ம பயலுவ எல்லாருக்கும் ஒரே வக்கீல் போதும் தம்பி. செலவ நாங்க பாத்துக்கிடுதோம். பிரிஞ்சு நின்னா எதிராளிக்குத்தான் லாபம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். கையில் காசில்லாத வீட்டுக்கு அது பெரிய ஆறுதல். ஊர், உறவு, ஒற்றுமை எல்லாம் அதில் இருக்கிறது. மறுத்தால் பகையாகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.

ஆனால் ஏ1-இன் வாதம் என்ன? 'அவர்கள்தான் முதலில் வந்தார்கள், நாங்கள் தற்காப்புக்காகத் தடுத்தோம்.' தற்காப்பு என்று சொன்னால், 'நாங்கள் அங்கே இருந்தோம்' என்பது அதற்குள்ளேயே வந்துவிடுகிறது. என் தம்பியின் வாதம் 'நான் அங்கே இல்லவே இல்லை' என்பது. ஒரே வக்கீல் ஒரே வாயால் இரண்டையும் சொல்ல முடியாது. ஒன்றை விட்டாக வேண்டும், ஃபீஸ் கொடுக்கிற வீட்டின் வாதத்தை அவர் விடுவாரா? இப்படிப்பட்ட வழக்குகளில் எல்லோரையும் ஒன்றாகக் கட்டுவது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 3(5), 190 பிரிவுகள். பொது எண்ணம், சட்டவிரோதக் கூட்டம். கூட்டத்தில் ஒருவன் செய்ததற்கு மற்றவனும் பதில் சொல்ல வேண்டும். ஆகவே ஏ6-க்கு முக்கியமான வேலையே தன்னை அந்தக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டுவதுதான். பொது வக்கீல் செய்ய முடியாத வேலையும் அதுதான்.

உங்கள் வீட்டுப் பையன் நிஜமாகவே மற்றவர்களோடு சேர்ந்து நின்றவன், எல்லோருடைய வாதமும் ஒன்று என்றால் பொது வக்கீல் வைப்பதில் தவறில்லை. செலவு குறையும், குறுக்கு விசாரணை சிதறாது. ஆனால் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வக்கீலிடம் நேராகக் கேளுங்கள்: "ஐயா, என் பையன் சொல்வதும் ஏ1 சொல்வதும் ஒத்துப்போகிறதா? நாளைக்கு ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வீர்கள்?" நேர்மையான வக்கீல் அந்த இடத்திலேயே வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிடுவார். ஏ1-இன் வக்கீலிடம் நாங்கள் கேட்டபோது அப்படித்தான் சொன்னார். அதற்காக அவர் மீது எனக்கு மரியாதை உண்டு.

மதுரையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலை 24 முதல் இயங்குகிறது. பெயிலுக்கோ முன்ஜாமீனுக்கோ இப்போது நமக்குச் சென்னை போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டை செஷன்ஸ் கோர்ட்டில் பெயில் தள்ளுபடியானால் அடுத்து மதுரைதான். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டத்தில் கலெக்டரோ கமிஷனரோ தடுப்புக்காவல் உத்தரவு போட்டுவிட்டால், அதை எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கும் மதுரைதான். அந்த மனு ஒரு தனிக் கலை. ஆவணத்தின் தமிழ் நகலைக் கொடுக்கவில்லை, அரசுக்கு அனுப்பிய முறையீட்டைக் காலதாமதமாகப் பார்த்தார்கள் என்ற காரணங்களிலேயே பல உத்தரவுகள் ரத்தாகின்றன. அதையே தினமும் செய்கிறவரிடம் கொடுக்க வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேர்ந்திருந்தால் முன்ஜாமீனுக்கு 18-வது பிரிவு தடை. மேல்பார்வைக்கே வழக்கு நிற்காது என்று காட்ட முடிந்தால்தான் கதவு திறக்கும். இந்த வேலைகளுக்கு மதுரை வக்கீல் சரி. ஆனால் வருஷக்கணக்கில் பாளையங்கோட்டையில் நடக்கப்போகும் சாட்சி விசாரணைக்கு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் மூன்று மணி நேரம் பயணப்பட்டு அந்தப் பெரிய வக்கீலே வருவார் என்று நம்பாதீர்கள். ஜூனியர்தான் வருவார். அந்த ஜூனியரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

விசாரணைக்கான வக்கீலைத் தேட நேரம் இருக்கிறது. மரண தண்டனை, ஆயுள், அல்லது பத்து வருஷமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் சார்ஜ்ஷீட் போட 90 நாள், மற்றவற்றில் 60. அந்த நாளுக்குள் போடவில்லை என்றால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ஆனால் சார்ஜ்ஷீட் வந்துசேரும் முன் கேட்டுவிட வேண்டும். யார் வக்கீலாக இருந்தாலும் இந்த நாளை எண்ணிக்கொண்டிருக்கிறாரா என்று வீட்டார் கேட்க வேண்டும். நான் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன்.

தேடுவதற்கு ஒரு நல்ல வழி, கோர்ட்டில் போய் உட்கார்வது. குற்ற விசாரணை திறந்த நீதிமன்றத்தில் நடக்கிறது. போக்சோ போன்றவற்றை விட்டால், பின் பெஞ்சில் யாரும் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். நான் பாளையங்கோட்டையில் நாலு நாள் உட்கார்ந்தேன். சாட்சியிடம் கோபமாகக் கத்துகிறவரைப் பார்க்க வீட்டாருக்குத் திருப்தியாக இருக்கும். என் கண்ணுக்குப் பட்டது வேறு ஒருவர். மெதுவாக, 'அந்த இடத்தில் தெருவிளக்கு எந்தப் பக்கம் இருந்தது?' என்று கேட்டு, வரைபடத்தை நீட்டி, சாட்சியின் பதிலை நீதிபதி எழுதும் வரை பொறுமையாக நின்றார். விசாரித்தேன். அவர் சட்ட உதவி வக்கீல்.

இங்கேதான் என் எண்ணமே மாறியது. 'ஓசி வக்கீல்' என்று நாங்கள் ஒதுக்கியிருந்த வழி அது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவசச் சட்ட உதவி உண்டு. சிறையில் இருக்கும் யாரும் சிறை அதிகாரி மூலமாகவே மனுக் கொடுக்கலாம். வெளியில் இருப்பவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100-க்குப் போன் செய்யலாம். 2022-இல் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்த திட்டத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக முழுநேர எதிர்வாத வக்கீல்கள் நியமிக்கப்படுகிறார்கள். அவர்கள் தனியார் வழக்கு எடுக்கக் கூடாது. அவர்களுக்குத் தினசரி வேலையே குற்ற வழக்குதான்.

குறை இல்லாமல் இல்லை. இன்னார்தான் வேண்டும் என்று நாம் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு ஆளிடம் நிறைய வழக்குகள் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டார் போன் பண்ணி அழுதால் ஆறுதல் சொல்ல நேரம் இருக்காது. ஜாமீனில் வெளியே வந்துவிட்டால் 'காவலில் இருப்பவர்' என்ற தகுதி போய்விடும், அப்புறம் வருமான வரம்பு போன்ற வேறு தகுதி காட்ட வேண்டும். செஷன்ஸ் விசாரணையில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசுச் செலவில் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 341-வது பிரிவு தனியாகவே சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டிச் சட்ட உதவி இல்லாமல் விசாரித்துத் தண்டிக்க முடியாது என்று 1986-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

என் அபிப்பிராயம் இது. வயலை விற்று, நகையை வைத்து, ஒரு தனியார் வக்கீலுக்கு முதல் தவணை மட்டும் கொடுக்க முடிகிற வீடு என்றால், அந்தக் காசு சாட்சி விசாரணை தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும். பாதியில் ஃபீஸ் நின்றுபோன தனியார் வக்கீலைவிட, தொடக்கத்திலிருந்து வருகிற சட்ட உதவி வக்கீல் பல மடங்கு மேல். வசதி இருந்து, செஷன்ஸ் வழக்குகளை முழுதாக நடத்திய அனுபவமுள்ள பாளையங்கோட்டை வக்கீல் கிடைத்தால் அவரிடம் போங்கள். ஃபீஸைப் பெயில், கமிட்டல் (வழக்கு செஷன்ஸ் கோர்ட்டுக்கு அனுப்பப்படுவது), விசாரணை, வாதம் என்று பிரித்துப் பேசுங்கள், ரசீது கேளுங்கள். 'விடுதலை வாங்கித் தந்தால் இவ்வளவு' என்று பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. அப்படிப் பேசுகிறவர் வேண்டாம்.

வக்கீலை மாற்ற வேண்டி வந்தால் மாற்றலாம். பழைய வக்கீல் ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. 2000-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. இன்னொன்று. ஊரே கொதித்துப்போன வழக்குகளில், இவனுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று வக்கீல் சங்கம் தீர்மானம் போடுவதுண்டு. கோயம்புத்தூரில் நடந்த ஒரு விஷயத்தில் 2010-இல் உச்ச நீதிமன்றம் அத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று சொல்லிவிட்டது. செய்தவனுக்கும் வக்கீல் உண்டு, செய்யாதவனுக்கும் உண்டு.

இன்னும் கைதாகவில்லை, எஃப்ஐஆரில் பேர் மட்டும் வந்திருக்கிறது என்றால், சிலர் ஓடி ஒளியச் சொல்வார்கள், சிலர் தூரத்துக் கோர்ட்டில் போய்ச் சரண்டர் ஆகச் சொல்வார்கள். ஓடுவது அடுத்து வரும் ஜாமீன் மனுவுக்கெல்லாம் கெடுதல். முன்ஜாமீனா (நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 482), சரண்டரா, விசாரணைக்கு வரச் சொல்லிப் போலீஸ் அனுப்பும் 35(3) நோட்டீஸுக்குப் பதில் கொடுத்து ஆஜராவதா என்பதை வக்கீல்தான் எஃப்ஐஆரைப் படித்துச் சொல்ல வேண்டும். போகும்போது எஃப்ஐஆர் நகலை எடுத்துக்கொண்டு போங்கள். அது பெரும்பாலும் போலீஸ் இணையதளத்திலேயே கிடைக்கும், பாலியல் வழக்கு போன்ற சிலவற்றை மட்டும் ஏற்ற மாட்டார்கள். போனில் இருக்கிற எதையும் அழிக்காதீர்கள். வாட்ஸப் குரூப்பில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை போடாதீர்கள். வக்கீலிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லுங்கள், கெட்டதையும் சேர்த்து. அவரிடம் சொல்வதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு.

தம்பிக்குச் செஷன்ஸில் பெயில் கிடைக்கவில்லை. தாலுகா வக்கீல் சொல்லிவிட்ட மதுரை வக்கீல் மூலம் 48-வது நாள் கிடைத்தது. ஜாமீன் கொடுக்க வந்த இரண்டு பேரில் ஒருவர் எங்கள் ஊர் பால்காரர். ஆதார் நகலைக் கொடுத்து, பத்திரத்தில் பெருவிரல் ரேகை வைத்துவிட்டுப் போனார். மூன்று மாதம் தினமும் காலை 10.30-க்கு ஸ்டேஷனில் ஜாமீன் நிபந்தனைப்படி காண்டிஷன் கையெழுத்து. இப்போது வழக்கு கமிட் ஆகிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டது. வருமானச் சான்று வாங்கிக் கொடுத்து, சட்ட உதவி வக்கீலையே வைத்திருக்கிறோம். நான் பின் பெஞ்சிலிருந்து பார்த்தவர் கிடைக்கவில்லை, அவருக்கு அடுத்த நிலையில் இருக்கிற ஒரு பெண் வக்கீல் கிடைத்திருக்கிறார். முதல் சந்திப்பிலேயே பங்கிலிருந்து வந்த கேமரா பதிவை மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார். டீசல் கேனின் நிறம் என்னவென்று தம்பியிடம் கேட்டார். மஞ்சள் என்றான். பதிவிலும் மஞ்சள்தான்.